கழுத்தில் நூல் கட்டிய பிளக்

மாமியார் வீட்டில் புது மாப்பிள்ளை சொல்லக் கூடாத வாக்கியம் ஒன்று உண்டு. “பசிக்குது” என்பது அல்ல. அதைச் சொல்லலாம், சொல்லாவிட்டாலும் சாப்பாடு வந்துவிடும். “இதெல்லாம் எனக்குத் தெரிஞ்ச வேலைதான், நான் பாத்துக்கறேன்” என்பதுதான் அது. நான் சொன்னேன். கல்யாணமான மூன்றாவது மாதம், பழவேற்காட்டில், கையில் வறுத்த மடவை மீன் துண்டோடு சொன்னேன். மீன் அன்றைக்கே செரித்துவிட்டது. வாக்கியம் இன்னும் செரிக்கவில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி. கும்மிடிப்பூண்டியில் முள்ளுக்காட்டை வெட்டி வரிசையாகத் தகரக் கொட்டகைகள் எழும்பிக்கொண்டிருந்தன. வெயில் அந்தத் தகரங்களில் இறங்கி, கால் சுட்டு, திரும்ப வானத்துக்கே ஓடும். அவற்றில் ஒன்றில், தண்ணீர் பம்பு செய்கிற சின்னக் கம்பெனியில், எனக்கு ஸ்டோர் வேலை. நட்டு, போல்ட்டு, வாஷர் ஆகியவற்றை எண்ணி உள்ளே வைப்பது, எண்ணி வெளியே கொடுப்பது. ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் அட்டை தொங்கும். முன்பக்கத்தில் வரவு, செலவு. பின்பக்கம் காலி. காலி இடத்தைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. ‘அரை அங்குல வாஷரே, உன் நடுவிலிருக்கும் வெறுமை யாருடையது?’ என்று தொடங்கும் ஒரு நெடுங்கவிதை, ஆடிட் வந்த அன்று ஏழு அட்டைகளில் பரவிக் கிடந்தது. (ஆடிட்டர் தங்கமான மனிதர். “பெட்டியில நாலு வாஷர் குறையுது, கவிதையில நாலு வரி கூடுதலா இருக்குது” என்றதோடு விட்டுவிட்டார்.)

ஆனால் கம்பெனி எனக்கு ஒரு காக்கிச் சட்டை கொடுத்திருந்தது. வினை அங்கேதான் தொடங்கியது. காக்கிச் சட்டையையும், அதன் பையில் நான் அழகுக்காகச் செருகியிருந்த எஃகு ஸ்கேலையும் பார்த்த தரகர், பழவேற்காட்டில் போய் “பையன் இஞ்சின் கம்பெனியில இஞ்சினீரு” என்று சொல்லிவிட்டார். நான் மறுக்கவில்லை. பெண் அழகாக இருந்தாள்.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நாங்களும் மீன்பிடிக்கிற இனம்தான். ஆனால் அப்பா வலையை விட்டுவிட்டு ரயில்வேயில் கேங்மேனாகச் சேர்ந்து திருவாலங்காட்டில் போய் உட்கார்ந்துவிட்டார். நான் தண்டவாளத்தின் ஓரத்தில் வளர்ந்தவன். கோயில் குளத்தில் இறங்கினாலே எனக்குத் தலை சுற்றும்.

என் மாமனார் மாசிலாமணியிடம் ஒரு மோட்டார் இருந்தது. படகின் பின்பலகையில் மாட்டி, தலையில் கயிற்றைச் சுற்றி இழுத்துக் கிளப்புகிற மோட்டார். எந்த நாட்டிலோ பிறந்து, மதராஸ் துறைமுகத்தில் யார் யாரிடமோ உழைத்து, வயதான காலத்தில் ஏலத்தில் மாமாவிடம் வந்து சேர்ந்தது. பெயர் எழுதியிருந்த பெயின்ட் உரிந்துபோயிருந்தது. அந்த இடத்தில் அத்தை வெள்ளிக்கிழமை தோறும் குங்குமம் வைப்பார். ஊரில் மற்றவர்களுக்கெல்லாம் பாயும் கழியும்தான். “ஏரியே முட்டித் தண்ணி, இதுல இன்னாத்துக்கு மோட்டாரு?” என்று சிரித்தவர்களுக்கு மாமா ஒரே பதில்தான் வைத்திருந்தார். “பாட்டு அன்னைக்குப் பாரு.”

பாட்டு நாள் என்றால் பாடு வருகிற நாள். பாடு என்றால் முறை. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்று ஊர் கூடி முறை வைத்திருப்பார்கள். முகத்துவாரத்துப் பக்கம் இறால் கொழிக்கும் இடம் மாமாவுக்கும் அவர் கூட்டாளிகளுக்கும் எப்போதோ ஒரு நாள்தான் வரும். அன்றைக்கு விட்டால் போனதுதான், வரிசையின் கடைசிக்குப் போய் நிற்க வேண்டும். இறாலை வெளிநாட்டுக்கு ஏற்ற ஆரம்பித்திருந்த காலம் அது. கரைக்கு ஐஸ் வண்டி வரும். பகல் பன்னிரண்டு வரை நிற்கும், பிறகு ஒரு நிமிஷம் நிற்காது. அந்த மாதத்தில் உச்சிவேளைக்கு எதிர்க்காற்று. பாய் விரித்து வந்தால் வண்டியின் புழுதியைத்தான் பிடிக்கலாம். மோட்டார் ஓடினால் இறால் ஐஸுக்குள் போகும், ஓடாவிட்டால் வெயிலில் நாறிப்போகும். மாமாவின் முறை வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மோட்டார் இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது.

அதற்கு நாடி பார்க்கத் தெரிந்தவர் ஒருவர்தான். பஜாரில் கயிறும் நூலும் விற்கிற காதர் பாய். அவர் வந்து பார்த்துவிட்டு, தங்கை மகள் கல்யாணத்துக்காக அன்றைக்கே நெல்லூருக்குப் பஸ் ஏறிவிட்டார். நானும் என் மனைவி கன்னியம்மாவும் விருந்துக்குப் போயிருந்த ஞாயிறு அது. மாமா என் இலைக்கு எதிரே வந்து குந்தினார்.

“மாப்ளே, பிளக்கு ரெண்டும் போச்சாம். பாய் கயட்டி டப்பால போட்டு வெச்சிட்டுப் போய்க்கீறாரு. அதே மாறி புதுசு ரெண்டு வாங்கியாந்து மாட்டினா ஓடும்னாரு. மெட்ராசுலதான் கெடைக்குமாம். நான் போனா ஏமாத்திப்புடுவானுங்க.”

இரண்டு பிளக். விரல் நீளச் சாமான். மோட்டாரின் உள்ளே பெட்ரோலுக்குப் பொறி வைப்பது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதையும் அப்போதுதான் அவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். கையில் மடவை மீன். எதிரே ஒரு மாமனாரின் நம்பிக்கை. சொன்னேன் அந்த வாக்கியத்தை.

“பாத்தியாடி!” என்று அத்தையைப் பார்த்தார் மாமா. “இஞ்சினீரு மாப்ளன்னா சும்மாவா?” அத்தை இன்னொரு மீன் துண்டை வைத்தார். (அந்த இரண்டாவது துண்டுதான் என்னை அழித்தது. முதல் துண்டோடு நிறுத்தியிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன்.)

சாப்பிட்டுவிட்டு வலைக் கொட்டகைக்குள் நுழைந்தேன். உள்ளே உப்பும் இருட்டும் காய்ந்த பாசியும் சேர்ந்த ஒரு வாசனை. அலமாரிப் பலகையில் ஒன்றல்ல, இரண்டு டப்பாக்கள். சின்ன டப்பாவைத் திறந்தேன். சுட்ட கத்தரிக்காயைப் போல, கரி பிடித்து, எண்ணெய் வழிந்து, குட்டையாக இரண்டு. தொட்டால் கை கறுத்தது. பெரிய டப்பாவைத் திறந்தேன். ஒரு முப்பது பிளக்குகள்! அவற்றுக்கு நடுவே, என்ன சொல்ல, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டு நின்றன. உயரம். வெள்ளைப் பீங்கான் கழுத்து, ஏரியில் ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கைப் போல. அந்தக் கழுத்தைச் சுற்றி நைலான் நூல், இரட்டை முடிச்சு.

இங்கே என் மூளை வேலை செய்தது. (அது வேலை செய்யாமல் இருந்த நாட்களில் எனக்கு ஒரு கெடுதலும் வந்ததில்லை.) போன வாரம் வரை ஓடிய மோட்டாரில் அந்தக் கரிக்கட்டைகள் இருந்திருக்க முடியுமா? முடியாது. அவை ஏதோ ஆதிகாலத்துப் பிளக்குகள். இவைதான். வெளிநாட்டுக்காரன் எவ்வளவு நறுவிசு, நூல்கூடக் கட்டி அனுப்பியிருக்கிறான்!

வெளியிலிருந்து கன்னியம்மா குரல் கொடுத்தாள்.

“இன்னாங்க, கெடச்சுதா?”

“கெடச்சுது.”

“கொண்டாங்க பாக்கலாம். எதுக்கும் எங்க நைனாவ ஒரு வார்த்த கேட்டுக்கோங்க.”

“இஞ்சினுக்குள்ள இருக்கற சாமான் உனக்குப் புரியாது கன்னியம்மா” என்றேன். கொட்டகை வாசலில் நின்று, காக்கிச் சட்டைப் பையைத் தட்டிக்கொண்டு, சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்பது அந்த மூன்று மாதத்தில் எனக்கு இன்னும் பிடிபட்டிருக்கவில்லை.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டுப் பாசஞ்சர் ரயிலில் மதராஸ் போனேன். புதுப்பேட்டையில் தெருவே இரும்பு. கார்களின் கதவுகள், கண்கள், குடல்கள் எல்லாம் கடைக்குக் கடை தொங்கின. ஒரு கடைக்காரர் நாஷ்டா தின்றுகொண்டே என்னைக் கேட்டார்.

“இன்னா சார் வோணும்?”

“பிளக். ரெண்டு. போட் மோட்டாருக்கு.”

“இன்னா மோட்டாரு?”

“பழைய மோட்டார். வெளிநாடு.”

“பேரு?”

“உரிஞ்சுபோச்சு.”

“நம்பரு?”

“அதுவும்.”

அவர் இட்லியைக் கீழே வைத்தார். “பேரும் தெரியாது, நம்பரும் தெரியாது. ஊரு பேரு கேக்காம பொண்ணு பாக்க வந்தா மாறி நிக்கிறியே சார். ஹாட் பிளக்கா, கோல்டு பிளக்கா? அதாவது தெரியுமா?”

நான் சட்டைப் பையிலிருந்த ஸ்கேலைத் தொட்டுக்கொண்டேன். இரக்கப்பட்டு அவரே விளக்கினார். பொறி வைக்கிற மூக்கு சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டால் ஹாட், சீக்கிரம் விட்டுவிட்டால் கோல்டு. இஞ்சினுக்கு எது ஒத்துப்போகிறதோ அதைத்தான் போட வேண்டுமாம். நான் யோசித்தேன். மோட்டார் நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்கிறது. மார்கழியில் அதற்கு எப்படி இருக்கும்?

“ஹாட்” என்றேன். “அது தண்ணியிலேயே இருக்குது, பாவம்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். காக்கிச் சட்டையைப் பார்த்ததும் குழப்பம் இன்னும் கூடியது போல இருந்தது.

“சாம்பிள் இருக்குதா?”

நான் கைக்குட்டையைப் பிரித்துக் கொக்குகளை எடுத்து வைத்தேன். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார்.

“சார், இது கார் பிளக்காச்சே. திருகுற மரை பாரு, எத்தினி நீளம். போட்டு மோட்டாருக்கு இதுல பாதிதான் வரும். இத்த மாட்டினா உள்ள போய் பிஸ்டன் தலையில முட்டும்.”

இங்கே நான் நிறுத்தியிருக்கலாம். ஒரு நல்ல மனிதர், வாயில் சட்னியோடு, என் வாழ்க்கையைக் காப்பாற்றப் பார்த்தார். நான் விடவில்லை.

“அது வெளிநாட்டு மோட்டாருங்க. அங்க ஆளுங்களே உயரம்.”

“அது சரி. இது இன்னா, கயுத்துல நூலு?”

“அதுவா... ஓடும்போது அதிரும் இல்லையா, அதுக்குத்தான்.”

“இருபது வர்சமா கட வெச்சிக்கினு கீறேன். பிளக்குக்குத் தாலி கட்டி இன்னைக்குத்தான் பாக்கறேன்” என்றார். பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். அவரும் பார்த்தார். பிறகு இரண்டு புத்தம் புதிய பிளக்குகளைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டு, “உன் மோட்டாரு, நீயாச்சு” என்று இட்லிக்குத் திரும்பினார்.

திரும்பும் ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்தது. உப்பளக் காற்று வீசியது. அத்திப்பட்டில் ரயில் நின்றபோது என் மனம் நிறைந்திருந்தது. புது பிளக்குகளை மடியில் வைத்துப் பார்த்தேன். ஏதோ குறைந்தது. கழுத்து வெறுமையாக இருந்தது. பழையவற்றிலிருந்து நூலை மெல்ல அவிழ்த்து, புதியவற்றின் கழுத்தில் அதே இரட்டை முடிச்சாகக் கட்டினேன். பொன்னேரி வந்துவிட்டது, ஒரு முடிச்சு சரியாக வரவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த காய்கறிக்காரப் பெண்மணி, “குடு நைனா, நான் கட்டித் தாரேன்” என்று வாங்கிக் கட்டிக் கொடுத்தார். என்ன பொருள் என்றுகூட அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்கும் விளக்கியிருப்பேன்.

வியாழக்கிழமை மாலை வேலை முடிந்ததும், ஸ்டோரிலிருந்து ஒரு ஸ்பேனரை இரவல் எடுத்துக்கொண்டு, கன்னியம்மாவோடு பழவேற்காடு போய்ச் சேர்ந்தேன். மாமா, “இப்பவே மாட்டி ஒருவாட்டி ஓட்டிப் பாத்துடலாமா மாப்ளே?” என்றார்.

“புது பிளக்கை வீணா ஓட்டக் கூடாது மாமா. வேலைக்குப் போகும்போதுதான் ஓட்டணும்.”

இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. என் வாயிலிருந்து தானாக வந்தது. மாமா பயபக்தியோடு தலையாட்டினார். விடியற்காலையில் கூட்டாளிகளோடு பாய்மரப் படகில் கிளம்பும்போது சொன்னார்: “நாங்க போய் வலையில கீறதத் தூக்கி வெக்கிறோம். பத்து மணிக்கு நீ மோட்டாரப் போட்டுக்கினு வந்துடு. கன்னிம்மா வழி காட்டுவா. பன்னண்டுக்கு வண்டி போய்டும் மாப்ளே. ஒன்ன நம்பித்தான் கீறோம்.”

ஒன்பதரைக்கு நான் பிளக்குகளை மாட்டினேன். மரை வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கியது. கடைசிச் சுற்றில் மட்டும் ‘டிக்’ என்று ஒரு சின்ன மறுப்பு. புது மணப்பெண்ணின் நாணம் என்று நினைத்து ஸ்பேனரால் அழுத்தி முறுக்கினேன். படகை முட்டளவு தண்ணீருக்குத் தள்ளி ஏறினோம். கயிற்றைச் சுற்றினேன். இழுத்தேன்.

டக்.

கயிறு நகரவில்லை. என் தோள்பட்டை நகர்ந்தது.

மறுபடி இழுத்தேன். டக். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்க்க ஆரம்பித்தார்கள். மூன்றாவது தடவை ஒரு காலைப் பின்பலகையில் ஊன்றி, கண்ணை மூடி, குலதெய்வத்தை அழைத்து இழுத்தேன். கயிற்று முனையின் முடிச்சு, மோட்டார் தலையில் அது மாட்டியிருந்த காடியிலிருந்து நழுவியது. நான், கயிறு, ஸ்பேனர், மூவரும் வானத்தில் ஒரு வளைவு வரைந்து ஏரிக்குள் விழுந்தோம்.

தண்ணீர் மூடியது. கண்ணுக்குள் பச்சை. காதுக்குள் ஒரு பெரிய அமைதி. முடிந்தது என்று நினைத்தேன். ஒரு தடவை தலையை வெளியே நீட்டி, “கன்னியம்மா! என் கவிதைகளை...” என்று கத்தினேன்.

“எயுந்து நில்லுங்க” என்றாள் அவள். “முட்டி வரைக்கும்தான் தண்ணி.”

எழுந்து நின்றேன். முட்டி வரைக்கும்தான் தண்ணீர்.

நான் ஸ்பேனரைத் தேடி எடுத்துக் கொடுக்க, அவள் பிளக்கைக் கழற்றினாள். புது பிளக்கின் மூக்கு சப்பிப்போயிருந்தது. அவள் மூக்கைப் பார்க்கவில்லை. கழுத்தைப் பார்த்தாள்.

“இது இன்னாது நூலு?”

“அதிர்வு தாங்க...”

“யாரு கட்னது?”

“நான்தான். சாம்பிள்ல இருந்த மாதிரியே.”

“எந்த டப்பாலேர்ந்து சாம்பிளு எடுத்தீங்க?”

“பெரிய டப்பா.”

அவள் படகின் குறுக்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. இரண்டும் என்றுதான் இன்றுவரை சொல்கிறாள்.

“அது வலைக்குக் கட்ற குண்டுங்க. நைனா பொன்னேரி ஒர்க்‌ஷாப்புல செத்துப்போன பிளக்கெல்லாம் பொறுக்கியாந்து வீச்சு வலை ஓரத்துல கட்டுவாரு, ஈயத்துக்குப் பதிலா. அறுந்து வியுந்ததுங்கள அந்த டப்பால போட்டு வெப்பாரு. மெட்ராசு போய் புதுசா ரெண்டு வலைக்குண்டு வாங்கியாந்து, நூலும் கட்டிக்கினு வந்துகீறீங்க.”

ஏரிக்கு நடுவே, மூங்கில் கழிகளுக்கு அப்பால், ஒரு சிவப்புத் துண்டு ஆடிக்கொண்டிருந்தது. மாமா. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

கன்னியம்மா ஓடினாள். கொட்டகையிலிருந்து நான் ஒதுக்கிய அந்தக் கரிக்கட்டைகளைக் கொண்டுவந்தாள். அடுப்பு நெருப்பில் போட்டுச் சிவக்கக் காய்ச்சினாள். ஆறவிட்டு, மீன் செதில் சீவுகிற கத்தியால் கரியைச் சுரண்டினாள். தீப்பெட்டி அட்டையைக் கிழித்து மூக்கின் இடுக்கில் விட்டு இடைவெளி பார்த்தாள். “இதெல்லாம் உனக்கு யார்...” என்று ஆரம்பித்தேன். “பாய் செய்றப்பல்லாம் நான்தான் பக்கத்துல நின்னு எடுத்துக் குடுப்பேன். இஞ்சினுக்குள்ள இருக்கிறது எனக்குத்தான் புரியாதே” என்றாள். அவள் தலை நிமிரவில்லை.

ஒரு நடை போய் வரும் வரைக்கும் தாங்கும் என்று பார்த்து மாட்டினாள். மணி பதினொன்றே கால். நான் படகில் கால் வைத்தேன்.

“நீங்க வர வோணாம். கரையில இருந்து வண்டிய நிறுத்தி வைங்க. அதையாவது செய்ங்க.”

கயிற்றைச் சுற்றி இரண்டு இழுப்பு. மோட்டார் செருமியது, நீலப் புகையைத் துப்பியது, பிறகு கிழவன் பாடத் தொடங்கியது போலக் கரகரவென்று எழும்பியது. என் மனைவி நின்றபடியே அதை ஓட்டிக்கொண்டு போனாள். தண்ணீர் இரண்டாகப் பிளந்து வழி விட்டது. (அந்த நொடியில்தான் நான் அவளைக் காதலிக்க ஆரம்பித்தேன். கல்யாணம் முன்பே ஆகிவிட்டது ஒரு வசதி.)

ஐஸ் வண்டி பழைய பெட்ரோல் வேன். டிரைவர் குள்ளமான, கோபக்கார மனிதர். ஐஸ் சொட்டுகிற சத்தத்தைக் கேட்டுக் கேட்டே கோபக்காரராக ஆகியிருப்பார். “இன்னும் கொஞ்ச நேரம், இறால் வந்துகிட்டே இருக்குது” என்றேன்.

“பன்னண்டு ஆச்சா, போய்க்கினே இருப்பேன். ஐஸு கரஞ்சா மொதலாளி என்னைத்தான் கேப்பான், ஒன்னியா கேப்பான்?”

பேச்சுக் கொடுத்தேன். ஊர் கேட்டேன். குழந்தைகள் கேட்டேன். வேறு வழியில்லாமல் வாஷர் கவிதையைச் சொன்னேன். மூன்றாவது பத்தியில் அவர் வண்டியில் ஏறிச் சாவியைத் திருகிவிட்டார். மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. கவிதைதான் அவரைக் கிளப்பிவிட்டது.

“நில்லுங்க!” என்றேன், வண்டிக்கு முன்னால் போய். “இஞ்சின்ல ஒரு சத்தம் வருது.”

“இன்னா சத்தம்?”

“நான் இஞ்சினீர்.” சட்டையிலிருந்து ஏரி சொட்டிக்கொண்டிருந்தது. ஆனால் காக்கி காக்கிதான். அவர் அணைத்துவிட்டு இறங்கி மூடியைத் தூக்கினார்.

உள்ளே பார்த்தேன். நாலு பிளக்குகள் வரிசையாக, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு ஒயரோடு, நின்றுகொண்டிருந்தன. என்னைப் பார்த்து நாலும் சிரித்தது போல இருந்தது. எனக்கு இவற்றின் மரை குட்டையா நெட்டையா என்று பார்த்தே ஆக வேண்டும் என்று ஒரு வெறி. டிரைவர் பீடி பற்றவைக்கத் திரும்பிய நேரத்தில் நாலு ஒயரையும் பிடுங்கிவிட்டேன். ஒரே கொத்தாக, கீரை பிடுங்குகிற மாதிரி.

“யோவ்! எது எதுல இருந்துச்சி?”

“எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்குது?”

அவர் பீடியை வாயிலிருந்து எடுக்கவே மறந்துபோனார். அப்புறம் தமிழிலும் தெலுங்கிலும் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அதன் சாரம் இது: பிளக்குகள் முறை வைத்துத்தான் பொறி வைக்குமாம். மாமாவின் ஏரியைப் போலவே அங்கேயும் பாடு உண்டு. ஒருவர் முறையில் இன்னொருவர் வந்தால் வண்டி ஓடாது. நாலு ஒயரை மாட்ட இருபத்து நாலு வழிகள், அதில் எது சரி என்று அவருக்கும் தெரியாது. ஒவ்வொன்றாக மாட்டிச் சாவியைத் திருகினார். ஒரு முறை வண்டி தும்மியது. ஒரு முறை புகைக்குழாய் வெடித்து, கருவாட்டுக்குக் காத்திருந்த காக்கைகள் எல்லாம் ஆந்திரா பக்கம் பறந்துபோயின. ஒரு முறை ஒன்றுமே நடக்கவில்லை. அவர் அழுதுவிடுவார் போலிருந்தது. “பேஜாரு புட்ச்சவன்யா நீ!” என்றார்.

மணி பன்னிரண்டரை. ஏரியிலிருந்து கரகரவென்று ஒரு பாட்டுச் சத்தம் நெருங்கியது. கன்னியம்மா மோட்டாரைப் பிடித்திருந்தாள், மாமா முன்னால் நின்றிருந்தார், நடுவே கூடை கூடையாக இறால், ஈரத் துணி போர்த்தி. இறக்கினார்கள், எடை போட்டார்கள், ஐஸுக்குள் ஏற்றினார்கள். கடைசிக் கூடை ஏறவும், பதினாறாவது முயற்சியில் வண்டி கிளம்பவும் சரியாக இருந்தது. டிரைவர் திரும்பியே பார்க்காமல் ஓட்டிக்கொண்டு போனார்.

“எப்படி மாப்ளே இம்மா நேரம் வண்டி நின்னுச்சி?” என்றார் மாமா. கரையில் நின்றவர்கள் சொன்னார்கள். மாமா சிவப்புத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு ஊருக்கே கேட்கும்படி சொன்னார்: “ஓடாத மோட்டார ஓட்றது எவன் வோணாலும் செய்வான்டா. ஓடுற வண்டிய நிறுத்தி வெச்சாரு பாரு, அதான்டா இஞ்சினீரு!”

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வேண்டுமென்று செய்யவில்லை. அவ்வளவு அறிவு இருந்திருந்தால் வண்டி வரைக்கும் வந்திருக்கவே வேண்டாம்.

கன்னியம்மா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. சப்பிப்போன இரண்டு பிளக்குகளையும் முந்தானையில் முடிந்துகொண்டாள். என் மானம் சரியாக இரண்டு நாள் அந்த முடிச்சில் பத்திரமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காதர் பாய் நெல்லூரிலிருந்து திரும்பி வந்து, மோட்டாரின் தலையைக் கழற்றிப் பார்த்தார்.

“மாசிலாமணி, இங்க வந்து பாரு. பிஸ்டன் ரெண்டுக்கும் யாரோ பொட்டு வெச்சிருக்காங்க.”

இரண்டு பள்ளங்கள். ஒன்றைப் போலவே ஒன்று. மாமா கன்னியம்மாவைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். அவள் முந்தானையை அவிழ்த்துப் பிளக்குகளை வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள், என் கடைசி வார்த்தைகள் உட்பட. பாய் சிரித்துச் சிரித்துத் தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமா சிரிக்கவில்லை. பிளக்குகளை எடுத்து, நூலை இழுத்துப் பார்த்தார்.

“முடிச்சு நல்லாத்தான் கீது” என்றார். “நூலுகூடக் கட்டியே வந்துகீது. எனக்கு வேல மிச்சம்.” அப்படியே வீச்சு வலையின் ஓரத்தில் கட்டிவிட்டார்.

அந்தப் பள்ளங்களோடு மோட்டார் அதற்கப்புறமும் பல வருஷம் ஓடியது. வலை இப்போது என் மைத்துனனிடம் இருக்கிறது. அவன் வீசும்போது, வட்டமாக விரிகிற ஓரத்தில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் வெயிலில் மின்னிவிட்டுத் தண்ணீருக்குள் போகும். “அதோ மச்சானோட கவித” என்பான். மற்றபடி அந்தக் குடும்பத்தில் எதை நிறுத்த வேண்டுமென்றாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். திருவிழாவில் ஒலிபெருக்கி அலறினால், குழந்தை அழுகையை விடாவிட்டால், ஒரு தடவை கல்யாணப் பந்தலில் மழை விடாமல் பெய்தபோதுகூட, “மாப்ளைய அனுப்புங்கடா, நிறுத்திடுவாரு” என்றார்கள். போய் நின்றேன். மழை நின்றது. யாரும் ஆச்சரியப்படவில்லை.

போன மாதம் எங்கள் பெண்ணுக்குக் கல்யாணமாகி, முதல் விருந்து. மாப்பிள்ளை அமைதியான பையன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சமையலறையில் மிக்ஸி நின்றுபோனது. பையன் நிமிர்ந்து, கையில் வறுத்த மடவை மீன் துண்டோடு, “இதெல்லாம் எனக்குத் தெரிஞ்ச வேலைதான் மாமா, நான் பாத்துக்கறேன்” என்றான்.

கன்னியம்மா எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்து, அவன் இலைக்குப் பக்கத்தில் ஒரு முழ நைலான் நூலை வைத்துவிட்டுப் போனாள்.

பையன் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தான். நான் மீனைப் பார்த்தேன்.